எழுத்துமூலக் கேள்வி 417

அட்ராக்டா ஃபீலி போனில் வைததில்
பாதியைத்தான் குறித்துக்கொண்டேன்.
வாரத்தில் மூன்று நாள் ஸ்லைகோவில் டயாலிசிஸ்.
ஊசி ஏறும் கையை
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையால் சுற்றிக்கொண்டு
மழையில் நாற்பது நிமிடம் நிற்கிறாளாம்.

கேள்வியில் மழை வரக் கூடாது.
ரொட்டிப் பை கூடவே கூடாது.
நான் தட்டச்சியது:
டிரம்கீல் நிறுத்தத்தில் நிழற்குடை அமைக்கும் உத்தேசம்
உண்டா என அமைச்சர் தெரிவிப்பாரா?
(நிழலுக்கு ஏங்கும் ஊரல்ல அது.
என்றாலும் அதற்குப் பெயர் நிழற்குடை.)
உறுப்பினர் டூஹி படிக்காமலே கையெழுத்திட்டார்,
அன்றைக்கு இன்னும் பதினொன்று இருந்தன.

பதில் சலவை மடிப்புக் கலையாமல் வந்தது.
இது வாரியத்தின் நடைமுறை சார்ந்தது.
அனுப்பிவைத்துள்ளேன்.
பத்து வேலைநாளில் பதில் வராவிடில் தெரிவிக்கவும்.

தெரிவித்தோம்.
வாரியம் கவுன்டியைக் கைகாட்டியது,
கவுன்டி வாரியத்தை.
அட்ராக்டா என்னைக் கூப்பிட்டபடியே இருந்தாள்.

மார்ச்சில் வந்தேவிட்டது நிழற்குடை.
கண்ணாடிச் சுவர், பச்சை பெஞ்சு,
சாலையின் எதிர்ப்பக்கம்,
ஸ்லைகோவிலிருந்து
திரும்பும் பேருந்துக்கு.

இப்போது அவள் அதில்தான் உட்கார்கிறாள்.
வளைவில் விளக்கு தெரிந்ததும்
பால் லாரிகளுக்கு நடுவே குறுக்கே ஓடுகிறாள்.
ஓட்டுநர் மாலக்கிக்கு விஷயம் தெரியும்,
நின்று ஏற்றிக்கொள்வார்.
"ஜூலையில் அவனுக்கு விடுப்பு.
அதையும் கேளேன் உன் அமைச்சரிடம்."

கேள்வி 1102:
டிரம்கீலில் பாதசாரிகள் கடக்கும் இடம் அமைக்க
அமைச்சருக்கு உத்தேசம் உண்டா?

மாலக்கி என்று அடித்து
பிறகு அழித்துவிட்டேன்.