ஒன்றும் நடக்காத அரைமணி

குன்னூரில் நாலு மணிக்கே
பனி வந்து ஜன்னலில் சாய்ந்துகொள்ளும்.
அந்தக் குளிரில் நரம்புகள்
உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.
பெரியநாயகத்தின் வலது கையில் இரண்டு முறை தேடி
விட்டுவிட்டேன்.
இடது முழங்கையில் சுடுநீர்ப் பையை வைத்து
அது எழும்வரை
படிவத்தைப் படித்தேன்.

தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓட்டுகிறவர்.
விரலிடுக்கில் இருபது வருடத்து இலைச்சாறு
கறுத்துக் கிடக்கிறது.

உடம்பில் இரும்பு?
"தாயத்து. அதையும் வாசல்லயே வாங்கிட்டாங்க."
சிறுநீரகம்?
"அது பாட்டுக்கு இருக்கு."
அதை நான் எழுதவில்லை.
காலையில் எடுத்த ரத்தத்தின் எண்ணைப் பார்த்து எழுதினேன்.
ஒவ்வாமை?
"சூப்பர்வைசர் குரல்."

சிரித்துவிட்டு மறுபடி கேட்டேன்.
இதற்கு முன் ஸ்கேனுக்கு மருந்து ஏற்றினார்களா?
இல்லை.
கோயம்புத்தூரில்?
இல்லை.
மேட்டுப்பாளையத்தில்?

"ஆமா, கல்லடைப்புக்கு ஒருதரம்.
அன்னைக்குச் சாயங்காலம் கழுத்தெல்லாம் தடிப்பு.
மூட்டைப்பூச்சின்னு நெனச்சு
லாட்ஜ்காரன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன்."

பையை எடுத்துக் கீழே வைத்தேன்.
எந்த ஸ்கேன், எந்த மருந்து?
திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகள்
ஷிஃப்ட் இடைவெளியில் பழைய ரிப்போர்ட்டைப் படம் அனுப்பினாள்.
முதல் படத்தில் அவள் கட்டைவிரல்தான் தெரிந்தது.
இரண்டாவதில் எழுத்து.

டாக்டர் ஷமீமா கண்ணாடியைத் தூக்கி வாசித்தார்.
"அது சி.டி., அயோடின் மருந்து. இது கெடோலினியம்.
வேறு குடும்பம்.
தலைக்கட்டியின் ஓரம் தெரியவேண்டும் என்றால்
போட்டுத்தான் ஆகவேண்டும்.
நான் வீட்டுக்குப் போகவில்லை.
முடிந்ததும் அரைமணி உட்காரவை.
ஊசி கையிலேயே இருக்கட்டும்."

ஐம்பத்தாறு கிலோ.
பதினோரு மில்லிக்குச் சற்று மேல்.
பாட்டிலின் தேதியை நான் வாசிக்க
ஜெசிந்தா இன்னொரு முறை வாசித்தாள்.
முதலில் வெறும் உப்புநீர்:
தோலுக்குள் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து.
ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து
அமுக்கினால் வந்துவிடுவேன் என்றேன்.

மருந்து போனபோது மைக்கில் அவர் குரல்:
"கைக்குள்ள ஓடை இறங்குது சிஸ்டர்."
இறங்கட்டும், அசையாதீர்கள்.

வெளியே வந்ததும் செருப்பைத் தேடினார்.
கொலக்கம்பைக்குக் கடைசி பஸ் ஆறு பத்து.
விட்டால் நடை.
மூன்றாவது வளைவில் கரடி நிற்கும்.
அரைமணி என்றேன்.
"கரடி நெசம் சிஸ்டர்.
உங்க மருந்து வெறும் சந்தேகம்."

பதில் இல்லை என்னிடம்.
போன வருடம் இதே நாற்காலியில்
பதினேழாம் நிமிடம் உதடு வீங்கிய டீச்சரைப் பற்றி
நான் சொல்லவில்லை.
மருந்து ட்ரேயை மட்டும்
அவர் கண்ணில் படாமல் பக்கத்தில் இழுத்துவைத்தேன்.

கீழே பஸ் ஹாரன் அடித்துப் போனது.
இருவரும் கேட்டோம்.

இருபத்திரண்டாம் நிமிடம்
கழுத்தைச் சொறிந்தார்.
நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
டார்ச்சை அடித்து மஃப்ளரை விலக்கினேன்.
தோல் வெறுமனே தோலாக இருந்தது.
"கம்பளி, சிஸ்டர். கம்பளி."

ஊசியை எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
ராத்திரி தடித்தாலோ மூச்சு முட்டினாலோ
மூட்டைப்பூச்சி என்று நினைக்காமல்
போன் பண்ணுங்கள் என்றேன்.
கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.
அதைச் சொல்லவேண்டியது டாக்டர்.

ஏழரைக்கு இலை லாரி வந்தது.
மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து
தாயத்தைப் பல்லால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பதிவேட்டில் எதிர்விளைவு என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
மூன்றெழுத்து.
அதற்கு ஒரு பஸ் ஆனது.

எட்டே முக்காலுக்கு ஒரு மிஸ்டு கால்.
மூன்றாவது வளைவு தாண்டியாகிவிட்டது.
அங்கேயும் இல்லை.