வயரின் மறுமுனை

பேஸ் கிற்றாரின் வயர்
என் காற்சட்டைப் பின்பையில் முடிகிறது.
அதற்குள் ஒரு பஸ் ரிக்கற்றும்
பாதி இஞ்சி ரொபியும்.
உப்புவெளிக் கடற்கரையில் மின்சாரம் இல்லை.
தேவையுமில்லை என்கிறான் கோபிதன்:
"வயர் எங்க போகுதெண்டு
வீடியோவில ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

கோபிதன் லிங்கநகரில் கல்யாணம் எடுப்பவன்.
தாலி ஏறும் கணத்தை
மூன்று கோணத்தில் மூன்று தரம்
மெதுவாக்கத் தெரிந்தவன்.
எங்களையும் அப்படித்தான் நிற்க வைத்தான்,
மணப்பெண் இடத்தில் லெஸ்டர்.

காற்று வேண்டும் என்றான்.
காற்று இருந்தது. கொண்டல்.
கடலிலிருந்து கிளம்பி, முதுகுப் பக்கமாய் வந்து
லெஸ்டரின் நீள்முடியை அள்ளி
அவன் வாய்க்குள்ளேயே திணித்தது.
சரியான பக்கத்துக் காற்றுக்காக
ஹோட்டல் குசினியிலிருந்து மூன்று வயர் பொருத்தி
நின்று சுழலும் காற்றாடி ஒன்று இழுத்து வந்தோம்.
கிற்றாருக்கு வராத மின்சாரம்
முடிக்கு வந்தது.

டிரம்ஸ் பாலையூற்று மாதா கோயிலுடையது.
அதன் தோலில் தண்ணீர் ஊற்றி அடிக்கச் சொன்னான்,
துளிகள் எழும்பி அந்தரத்தில் நிற்குமாம்.
ரிஸ்மி அடித்தான்.
துளிகள் நின்றன.
டிரம்ஸ் ஒவ்வொரு அடிக்கும்
ஒரு விரல் மணலுக்குள் போனது.
சுவாமிக்கு என்ன சொல்வதென்று
லெஸ்டர் உதடசைக்கும் இடைவெளிகளில் யோசித்தான்.
நெருக்கத்தில் எடுத்தபோது
அது காதல் துயரம் போலவே இருந்தது.

வெள்ளைச் சட்டையில் ஒருத்தி
விலகிப் போகவேண்டும்.
லெஸ்டரின் மச்சாள் ஷெரீன் வந்தாள்.
"நான் ஏன் போறன்?"
"பாட்டில அப்பிடி."
"பாட்டில கடலும் நிலவும்தானே இருக்கு."
ஏழு தரம் போனாள்.
எட்டாந்தரம் போனவள் நிற்கவில்லை,
நிலாவெளி ரோட்டில் ஓட்டோ பிடித்து
வீட்டுக்கே போய்விட்டாள்.
அந்த ஷொட்தான் நன்றாக வந்தது.

பின்னேரம், கோட்டையடியில்,
காரணமில்லாமல் நாங்கள் ஓடிக்கொண்டிருக்க
மான் ஒன்று குறுக்கே வந்து
லஞ்ச் ஷீற்றை மென்றபடி
கமராவை நேராகப் பார்த்தது.
எங்கள் நால்வரையும்விட
அதற்கு அது பழக்கம்.

கடைசி ஷொட், இருட்ட முன்.
திரும்பவும் கடற்கரை.
ஒரு தார்ப் பீப்பாய், அதற்குள் யானைவெடிக் கட்டு.
நால்வரும் மெதுவாக முன்னே வரவேண்டும்.
பின்னால் வெடிக்கும்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.

வெடித்தது.
நால்வரும் திரும்பினோம்.

இரண்டாந்தரம்
ரிஸ்மி முழங்காலில் இருந்தான்.
செருப்பு வார் அறுந்ததென்றான்.
வெறுங்காலோடு.

மூன்று. நான்கு.
என் கழுத்து என் சொல் கேட்கவில்லை.
"வெளிநாட்டுக்காரர் எப்பிடி நடக்கிறாங்கள்,
ஒருக்காப் பாருங்கோடா!"
கோபிதன் கத்தினான்.

"அவங்களுக்குப் பின்னால ஆர் நிண்டது?"
ரிஸ்மி மணலைத் தட்டிக்கொண்டே கேட்டான்.
"மூதூரால வெளிக்கிட்ட அண்டைக்கு
வாப்பா நூறடிக்கு ஒருக்காத் திரும்பினார்.
எங்கள எண்ண."

காற்றாடி
யாருடைய முடியுமில்லாமல்
சுற்றிக்கொண்டிருந்தது.
மிச்ச வெடிகளைக் கோபிதன்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
பிறகு எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தான்.

மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.
அதில் நான் ஒரு முழங்கை,
இரண்டு தரம்.
டிரம்ஸ் மூழ்குவதை வெட்டிவிட்டான்,
மானை விட்டிருந்தான்.
முடிவில், கறுப்பு வெள்ளையில்,
நால்வர் மிக மெதுவாகத் திரும்புகிறோம்.
ரிஸ்மியின் உதடு
பாட்டில் இல்லாத எதையோ அசைக்கிறது.
நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு.

ஷெரீன் ஒருமுறைதான் பார்த்தாள்.
தான் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"உன்ர பொக்கற்றுக்குள்ள
ஒரு வயர் போகுது," என்றாள்,
"நல்லாத் தெரியுது."