பதில் தட்டல்

ஓஸ்ட்ராவாவில் கடல் கிடையாது.
நான்தான் கலக்குகிறேன்,
சனிக்கிழமைதோறும், குளியலறையில்,
இருபது லிட்டர் வாளிக்கு முக்கால் கிலோ உப்பு.
கலங்கல் தெளியும்வரை
டிராம் ஓட்டி மரத்த காலை
நானே பிடித்துவிட்டுக்கொள்வேன்.

வாங்கியபோது கட்டைவிரல் நீளம்.
கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள்
ஒன்றுக்குள் ஒன்று,
கல் விழுந்த குளம் அப்படியே உறைந்த மாதிரி.
எம்பரர் ஏஞ்சல், என்றான் கடைக்காரன்.
வளர்ந்தால் மஞ்சள் கோடு ஓடும்,
வேறு மீனோ என்பீர்கள்.
பவளம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

நான் மறக்கவில்லை. அது தின்றது.
முதலில் பச்சை மொட்டுகளை.
பிறகு இரண்டாயிரம் கொருனா மூளைப் பவளத்தை,
ஓரத்திலிருந்து,
நாளெல்லாம் வேறு வேலையே இல்லாததுபோல்.

விளக்கை அணைத்தால் பாறைக்குள் போய்த் தட்டும்.
டொக்.
கொஞ்ச நேரம் கழித்து
டொக் டொக்.
கண்ணாடியிலிருந்து இரும்புத் தாங்கிக்கு,
தாங்கியிலிருந்து ரேடியேட்டர் குழாய்க்கு,
குழாய் வழியே எங்கே போகிறதென்று
நான் யோசித்ததே இல்லை.

பிப்ரவரியில் கீழ்வீட்டு கோதலா வந்தார்.
செருப்பை வாசலில் விட்டு
காலுறையோடு நின்றார்.
"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"
"ஏன்?"
"மூன்று மாதமாகத் தட்டுகிறீர்கள்.
நானும் கரண்டியால் பதில் தட்டுகிறேன்.
நிறுத்தவும் மாட்டேன் என்கிறீர்கள்,
கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை."

முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கம்.
ஒருமுறை கூரை சரிந்து
பதினாறு மணி நேரம் உள்ளே.
குழாயில் தட்டல் கேட்டால்
பதில் தட்டாமல் படுக்க முடியாது அவரால்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவர் சரியாகத் தூங்கவில்லை.

விளக்கைப் போட்டேன்.
மீன் வந்தது,
பக்கவாட்டில் சாய்ந்து
ஒற்றைக் கண்ணால் அவரை அளந்தது.
வளையங்கள் வாலருகே அறுந்து
நடுவில் மஞ்சள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.
"இதுவா?"
"இதுதான்."
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"யாரைக் கூப்பிடுகிறது?"
"யாரையும் இல்லை. இன்னொன்று வந்தால் கொன்றுவிடும்.
இது என் இடம், போ என்கிறது."

கோதலா சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி
நான் தண்ணீர் கொண்டுவரும்வரை நிற்கவில்லை.
"போ என்று தட்டி
நான் கேட்டதே இல்லை" என்றார்.

மறுநாள் கன்வேயர் பெல்ட் ரப்பரில்
அளவாக ஒரு துண்டு வெட்டி
கதவடியில் வைத்திருந்தார்,
தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே செருக.
இன்னும் ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது.
வாரம் ஒருமுறை தூசி தட்டி வைக்கிறேன்.

கடைசி டிராமை விட்டுவிட்டு வந்து
இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
டொக்.
கீழே ஒரு நாற்காலி நகர்கிறது.
பிறகு கரண்டி, இரண்டு முறை,
அவசரமில்லாமல்.
மீன் துடுப்பு விரித்துப்
பாறையைவிட்டு வெளியே வருகிறது,
சண்டைக்கு.