பைத்தியம் எண் ஏழு

நாள் கூலி இருநூறு ஸ்லாட்டி, மதியச் சூப் தனி.
பட்டியலில் என் பெயர் யாட்விகா இல்லை.
பைத்தியம் எண் ஏழு.

வூஜ் நகருக்கு வெளியே, பிர்ச் மரங்களுக்குப் பின்னால்
பூட்டிக் கிடந்த மருத்துவமனையை
ஒரு மாத வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
வெள்ளைச் சுவருக்குக் கரி பூசுகிறார்கள்.
ஒழுகாத குழாயை ஒழுக வைக்கிறார்கள்.
ஜன்னல் கம்பிகள் புதிதாக வந்து இறங்குகின்றன, லாரியில்.
எங்கள் காலத்தில் கம்பி இல்லை,
ஜெரேனியத் தொட்டி இருந்தது.
யார் தண்ணீர் ஊற்றுவது என்று
முறை வைத்துச் சண்டை போட்டோம்.

கிங்கா என் கண்ணுக்குக் கீழே ஊதா அப்புகிறாள்.
இருபது வயது இருக்கும்.
"பயப்படாதீர்கள், கழுவினால் போய்விடும்."
கழுவிப் பார்த்தவள் நான். சொல்லவில்லை.

சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், முன்னும் பின்னும் ஆட வேண்டும்,
ஊசியோடு செவிலி வரும்போது அலற வேண்டும்.
அலறினேன்.
இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்,
நம்பும்படி இல்லையாம்.
பிறகு என் கையைப் பார்த்தார்:
"அந்த நடுக்கம் மட்டும் மிகை. குறைத்துக்கொள்ளுங்கள்."

பதினாறு வருட லித்தியம், ஐயா.
குறைக்கச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்தேன்.

இவர்களுடைய செவிலி இருட்டிலிருந்து வருகிறாள்,
குதிகால் டக் டக்கென்று.
போஜெனா வருவது எங்களுக்குக் கேட்கவே கேட்காது.
தூங்குகிறவர்களுக்காகக்
கம்பளிக் காலுறையோடு நடப்பாள்,
சட்டைப்பையில் நகவெட்டி.

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.
கட்டிப்போட்ட இரவு ஒன்று உண்டு,
மணிக்கட்டு மறக்கவில்லை.
ஆனாலும் பெரிய பயம்
ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.
பார்வையாளர் நேரம்.
தாழ்வாரக் கோடியில் ஒரு கதவு.
தலை சீவி உட்கார்ந்திருப்போம்.
கதவு திறக்காது.
அதை எப்படிப் படமெடுப்பார்கள்?
ஒன்றுமே நடக்காதே.

விளக்கை அணைத்ததும்
பைத்தியம் எண் நான்கு தன் பல்செட்டைத் தேடுகிறார்.
நாங்கள் எல்லோரும் குனிந்து தேடுகிறோம்.

பேருந்தில் ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு
அம்மாவின் கோட்டுக்குள் ஒண்டினான்.
ஊதாவைக் கழுவ மறந்திருக்கிறேன்.
சிரித்தேன்.
இன்னும் ஒண்டினான்.

இரவு எட்டு. மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர்.
வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை;
அன்றைக்குத்தான் நான் சாகிற காட்சியாம்.
மருத்துவருக்குப் போன் போட்டு
வேறு நாள் கேட்க வேண்டும்.