தலைப்பாகை

ஜுபைல் பட்டறையில் நான் அடிக்கிற படிவத்தில்
பத்தொன்பது கட்டங்கள்.
பெயர், இக்காமா எண், அடிபட்ட உறுப்பு,
இடமா வலமா.
ஏழாவது கட்டம்: காரணம்.

சூசைமாணிக்கத்தின் இடக்கை
தகடு வளைக்கும் ரோலருக்குள் போனபோது
காலை பத்தேகால்.
மோதிர விரலும் சுண்டுவிரலும்.
ஹெல்மெட்டுக்கு அடியில் அவன் சுற்றியிருந்த துண்டை
ரொபியுல்தான் உருவிக் கையில் கட்டினான்,
வங்காளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே,
குழந்தையைத் தூங்கவைப்பவன் மாதிரி.

மறுநாள் மாலை அறை நிறைய ஆட்கள்.
கட்டிலில் இடமில்லாதவர்கள்
அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்கள்.
நல்லவேளை, வலக்கை இல்லை.
நல்லவேளை, கட்டைவிரல் தப்பிச்சுது.
அந்த வேளையை
ஆளுக்குக் கொஞ்சமாக நல்லதாக்கிக்கொண்டிருந்தார்கள்.
யான்புவில் ஒருத்தனுக்குத் தோளோடு போனதாம்.
தன்னைவிட மோசமாய் அடிபட்டவனை
எங்கிருந்தாவது கூட்டிவந்து
பக்கத்தில் உட்காரவைக்கிறோம்,
அதற்கு ஆறுதல் என்று பெயர்.
சேலத்து எலெக்ட்ரீஷியன்
விரலுக்கு எத்தனை ரியால் என்று
கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான்.
சுண்டுவிரலுக்குக் கம்மிதான் என்றான், வருத்தமாக.
சீனி இபுராகீம் ஒன்றுமே சொல்லவில்லை.
ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக
வலக்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேஸ்திரி தங்கப்பழம் வந்தார்.
"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுப்பா."
எல்லோரும் தலையாட்டினோம்.
குளியலறை வாளியில் துண்டு ஊறிக்கொண்டிருந்தது.
மூன்றாவது தண்ணீரும் சிவந்துவிட்டது.

எவ்வளவு காலமாகச் சொல்கிறோம் இதை.
தலைப்பாகை போனவன்
அதன்பிறகு வெறுந்தலையோடு
எவ்வளவு தூரம் வெயிலில் நடந்தான் என்று
பழமொழியில் இல்லை.
சொன்னவர் நிழலில் நின்றிருப்பார்.

ரோலரின் காப்புக் கம்பி கழன்று இருபது நாள்.
மாற்றித் தரக் கேட்ட சீட்டையும்
நான்தான் அடித்தேன்.
அது எந்தக் கோப்பில் இருக்கிறதென்றும் தெரியும்.
மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
மெதுவாகச் சொன்னார்,
"காரணம்: மோதிரம் அணிந்திருந்தார்."

மோதிரம் ஏப்ரலிலேயே ஊருக்குப் போய்விட்டது,
மகளின் நர்சிங் கட்டணமாக.
விரலில் மிச்சமிருந்தது
வெளுத்த ஒரு வளையம்.
அதைத்தான் அணிந்திருந்தான்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
அடித்தேன்.
என் விசா அக்டோபரில் முடிகிறது.
இதையும் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

படிவத்தோடு அறைக்குப் போனேன்.
அவன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான்,
முகம் மட்டும் தெரிகிற மாதிரி
கைப்பேசியைக் கிட்டத்தில் பிடித்து.
சாப்பிட்டாச்சு. மீன் குழம்பு.
இல்ல, ரூமுல வெளிச்சம் கம்மி, அதான்.
அலைன் பரீட்சை எழுதுனாளா?
வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
"எழுதிட்டியா?"
"எழுதிட்டேன்."
"எங்க போடணும்?"

படிக்கவில்லை.
பேனாவை வாங்கிச் சிரித்தான்,
"நல்லவேளை வலக்கை."
வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லிப்போன சொல்லை
அவன் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கையெழுத்துப் போடும்போது
காகிதம் நழுவிக்கொண்டே இருந்தது.
அழுத்திப் பிடிக்க
இன்னொரு கை வேண்டும்.
நான் பிடித்துக்கொண்டேன்.