பதினோரு கட்டம்

செசில் ஸ்ட்ரீட், நான்காவது மாடி, எழுபத்தொன்பது.
கப்பல் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலை
அட்டை அட்டையாகத் துளைக்கிற வேலை எனக்கு.
பெயருக்குப் பதினோரு கட்டம். அதுதான் விதி.
ஓங் பீ அதில் கால் நீட்டிப் படுத்தாள்.
அப்துல் ரஹீம் இடைவெளியோடு சேர்த்து
அளவெடுத்தாற்போல் பொருந்தினார்.
சௌந்தரநாயகி ஆங்கிலத்தில் பதினான்கு.
என் விரலே வெட்டியது என் வாலை.

மாதக் கடைசியில் கவரை நீட்டி
‘லொள்’ என்றான் டெஸ்பாட்ச் மரியசூசை.
சௌந்தரநாய்.
ஏன் சிரிக்கிறோம் என்று
மிஸ்டர் குவெக்குக்குக் கடைசிவரை தெரியாது.

அட்டை போய் டேப் வந்தது.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுழைகிற அறை,
இயந்திரத்துக்குக் குளிர், எங்களுக்குச் சளி.
டேப் போய்ப் பச்சை எழுத்துத் திரை.
பிறகு ஆளுக்கொரு பெட்டி,
கடவுச்சொல்லை மானிட்டர் விளிம்பில்
ஒட்டிவைத்த காலம்.
தொண்ணூற்றொன்பது டிசம்பர் முப்பத்தொன்று இரவு
பிரியாணிப் பொட்டலத்தோடு காவல் இருந்தோம்.
பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் ஆகவில்லை.
ஃபேக்ஸ் மட்டும் தாள் தீர்ந்ததென்று கத்தியது.

கட்டம் அகலமாகிக்கொண்டே போனது:
முப்பது, எண்பது, இருநூற்றைம்பத்தைந்து.
முழுப் பரம்பரையே குடியேறலாம்.
ஒவ்வொரு தடவையும் ஒரு கன்சல்டன்ட் சொன்னான்:
‘பழைய டேட்டா அப்படியே வரட்டும்,
சுத்தம் செய்வதெல்லாம் அடுத்த கட்டம்.’
அடுத்த கட்டம், அடுத்த கட்டம்.
பதினொன்றிலேயே நின்றுகொண்டிருந்தேன் நான்.

திருத்துகிற அனுமதி இருபது வருடம்
என்னிடமே இருந்தது, மறைப்பானேன்.
முந்நூறு பேருக்குப் பெயரை நீட்டிக் கொடுத்தேன்.
சொந்தக் கணக்கில் கை வைக்கக் கூடாது
என்பது ஆடிட்டருக்குச் சொன்ன காரணம்.
கொஞ்சம் பிடித்தும் போயிருந்தது.

இப்போது எல்லாம் மேகத்தில்.
மேகம் என்பது ஜூரோங்கில்
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம் என்கிறார்கள்.
இன்று காலை உதவி இயந்திரம்
தமிழிலேயே பேசியது:
‘இனிய காலை வணக்கம், சௌந்தரநாய்!
உங்கள் ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.’
மரியசூசைக்குப் பிறகு
இதுதான் சரியாக உச்சரித்தது.

பக்கத்து மேசை வெய் ஜியே எட்டிப் பார்த்தான்.
என்ன விட்டுப்போச்சு என்று கேட்டான்.
ஏ, ஜி, ஐ என்றேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.
‘ஆன்ட்டி, உலகமே அதைத்தான் தேடிக்கிட்டிருக்கு.’

வெட்டியவள் நான்தான் என்றேன்.
எங்கே போட்டேன் என்பதுதான் ஞாபகமில்லை.