முழங்கால் உயரத்தில் மஞ்சள்

பெயர்ப் பலகைக்கு நான் கொடுத்தது பதினோரு நிறம்.
பெயிண்ட் கடையில் இருந்தது அவ்வளவுதான்,
இல்லையென்றால் இன்னும் கொடுத்திருப்பேன்.
நடுவில் ஒரு செம்மறி ஆடு சிரித்துக்கொண்டிருந்தது,
உள்ளே என்ன வேகிறது என்று தெரியாமல்.
கீழே மூன்று தொலைபேசி எண்கள். அதில் ஒன்று
என் முன்னாள் கணவனுடையது.

உலான்பத்தாரில் ஜனவரி.
கரிப்புகை தெருவைத் தின்றுகொண்டிருக்கும்.
என் அண்டாவில் பூஸ் கொழுக்கட்டைகள் வெந்து ஆவி விட,
சனங்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.
அவன் மாவு தடிப்பு. அவன் கொழுப்பு பழசு.
எனக்குத் தெரியும், தின்று பார்த்திருக்கிறேன்.

கோங்கோர்சுல் வந்தாள், காதில் பென்சில் செருகி.
மூன்று நாள் ஒரு கோடும் போடவில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து உப்புத் தேநீர் குடித்தாள்,
இலவசம் என்று அவளாகவே முடிவுசெய்து.
நான்காம் நாள் சொன்னாள்:
"அக்கா, இந்தத் தெருவில்
ஒருத்தரும் நிமிர்ந்து நடப்பதில்லை."

வெளியே போய்ப் பார்த்தேன்.
மைனஸ் முப்பதில் மூக்கு சால்வைக்குள்,
கண் பனிக்கட்டி மேல்,
வழுக்காமல் வீடு சேர்ந்தால் போதும் எல்லோருக்கும்.
இத்தனை வருடமும் நான்
வானத்துக்கு விளம்பரம் செய்திருக்கிறேன்.

முழங்கால் உயரத்தில்
ஒரே ஒரு மஞ்சள் பட்டை இழுத்தாள்.
பேருந்து நிறுத்தத்துச் சுவரில் தொடங்கி
மூலை திரும்பி
என் கதவடியில் முடிந்தது அது.
ஆட்டை அழித்தாள். கொஞ்சம் அழுதேன்.

உள்ளே நாற்பது வரி விலைப்பட்டியல் ஐந்தானது.
எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்,
சுற்றிலும் வெறும் சுவர்.
"ஒன்றும் எழுதாத இடத்துக்குமா காசு?" என்றேன்.
"அதற்குத்தான் அதிகம்" என்றாள்.

மஞ்சளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்,
தலை நிமிராமலே.
கதவைத் தொட்ட பிறகுதான் சிலருக்குப் பசியே தெரிந்தது.
பக்கத்துக் கடைக்காரன் நீலத்தில் ஒன்று இழுத்தான்.
நேராக அவன் கரிக் கொட்டகைக்குப் போனது.

வருகிறவர்களை எண்ணத் தெரியும் எனக்கு.
ஏன் திரும்ப வருகிறார்கள் என்று
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.
தம்தின்சூரன், பழைய லாரி டிரைவர்,
ஆறு வருடமாக மதியம் ஒரு மணிக்கு வருவார்.
உட்காரும் முன்பே "பூஸ், ஆறு" என்பார்.
பூஸ் என்றால் மனுஷனுக்கு உயிர் என்று
ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று சுவரைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
உதடு மெல்ல அசைந்தது.
"ட்சுய்வன்," என்றார். "நூடுல்ஸ்கூடப் போடுகிறாயா?
எத்தனை நாளாக?"
"கடை திறந்த நாளிலிருந்து."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன்.
கவனிக்காதவர் போலத் தின்றார்.

மறுநாள் மணி ஒன்று.
உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.
ஐந்து வரியையும் மேலிருந்து கீழாக
ஒருமுறை வாசித்துவிட்டு,
"பூஸ்," என்றார்,
"ஆறு."